பால்மரமும் தலைக்கணக்கும்

கரங்கான், கெடா

அன்புள்ள வாசகருக்கு,

பிரேசில் மக்கள்தொகை பற்றிய செய்தியை அனுப்பி, "அங்கே இருபது கோடிப் பேர், இங்கே மலேசியாவில் நாம் தேய்ந்துகொண்டே போகிறோம். இனி வீட்டுக்கு நாலு பிள்ளை பெற்றால்தான் பிழைப்போம்" என்று எழுதியிருந்தீர்கள். கவலை எனக்கும் உண்டு. ஆனால் நீங்கள் சொல்லும் மருந்தை என்னால் ஏற்க முடியவில்லை.

முதலில் பிரேசிலையே பாருங்கள். 1960இல் அங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஆறு பிள்ளைகளுக்கு மேல். 2022 கணக்கெடுப்பின்படி 1.55தான். இருபது கோடியைத் தாண்டிய அந்த நாட்டிலும் வீடுகள் சிறுத்துவிட்டன. பெண்கள் படித்தார்கள், சனங்கள் பட்டணம் போனார்கள். நம் வீடுகளில் நடந்ததும் அதுதானே? அதற்காக நம் பெண்களைக் குறை சொல்வது நியாயமில்லை.

அந்த நாட்டோடு நமக்கு வேறொரு உறவு இருக்கிறது. 1876இல் ஹென்றி விக்கம் அமேசான் பக்கமிருந்து சுமார் எழுபதாயிரம் ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. கூலிமிலும் பாடாங் செராயிலும் இங்கே டப்ளின் தோட்டத்திலும் நம் பாட்டன்மார் வெட்டிய பால்மரம் அந்த வம்சம். மரத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. கங்காணிகள் தமிழ்நாட்டிலுள்ள சொந்த ஊருக்குப் போய் ஆள் சேர்த்து வந்தார்கள். கெடாவில் நம் தலைக்கணக்கு பெருகியது அப்படித்தான்.

1942இல் ஜப்பானியர் மலாயாவைப் பிடித்ததும் நேச நாடுகளுக்கு மலாயா ரப்பர் நின்றுபோனது. உடனே பிரேசில், வறண்ட வடகிழக்கிலிருந்து ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரை 'ரப்பர் சிப்பாய்கள்' என்று அமேசான் காட்டுக்கு அனுப்பியது. மலேரியாவிலும் பசியிலும் பலர் மாண்டார்கள். அதே காலத்தில் இங்கே காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்களத்தில் நின்ற நம் ஆட்களை ஜப்பானியர் சயாம் மரண ரயில் பாதைக்கு ஏற்றிப்போனார்கள். பல்லாயிரம் பேர் திரும்பவேயில்லை. ஒரே மரத்தை நம்பிய இரு ஏழைச் சனங்கள், ஒருவரை ஒருவர் அறியாமல், ஒரே போரில் செத்தார்கள். பிறப்பு விகிதத்தைப் பற்றிப் பேசும்போது இந்தச் சாவுகளை யாரும் சேர்ப்பதில்லை.

நம் விகிதம் இறங்கிய மற்றக் காரணங்களையும் சொல்லிவிடுகிறேன். 1938இல் இந்திய அரசு தோட்டக் கூலிகளை அனுப்புவதை நிறுத்தியது. 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது ஆயிரக்கணக்கானோர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். 1957இல் மலாயாவில் இந்தியர் சுமார் 11 சதவீதம். 2020இல் மலேசியக் குடிமக்களில் 6.7 சதவீதம். நடுவே 1963இல் இந்தியர் மிகக் குறைவாக இருந்த சபாவும் சரவாக்கும் மலாயாவோடு சேர்ந்தன. அந்தச் சேர்க்கையும் விகிதத்தை இறக்கியது. ஆனால் 1957இல் ஏழு லட்சம் அளவில் இருந்தவர்கள் இன்று இருபது லட்சத்தை ஒட்டி இருக்கிறோம். தேய்ந்தது விகிதம், தலைகள் அல்ல.

அப்படியானால் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி ஏன் காலியாகிறது? பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. தோட்டத்து வரிசை வீடுகளான லயங்கள் உடைந்தன. இளைஞர்கள் கூலிம் ஹைடெக் பார்க்குக்கும் பினாங்குக்கும் கோலாலம்பூருக்கும் போனார்கள். பள்ளி மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது. வீட்டுக்கு நாலு பிள்ளை பிறந்தாலும் அவர்கள் பட்டணத்துத் தாமான் குடியிருப்பில்தான் பிறப்பார்கள். இந்தப் பள்ளிக்கு வரமாட்டார்கள். பிள்ளைகள் குடியேறிய இடத்துக்குப் பள்ளியின் உரிமத்தை மாற்றக் கேட்பதே உருப்படியான வழி. அதற்கு எந்தத் தோட்டத்துக் குடும்பம் எங்கே போனது என்ற கணக்கு நம் கையில் இருக்க வேண்டும். அரசாங்கக் கணக்கெடுப்பு இனத்தைச் சொல்கிறது, மாவட்டத்தைச் சொல்கிறது, இதைச் சொல்வதில்லை.

ஆகவே உங்களிடம் ஓர் உதவி கேட்கிறேன். உங்கள் குடும்பம் எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், எந்த ஆண்டு வெளியேறியது, இப்போது எந்தத் தாமான், பள்ளி வயதுப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எழுதி அனுப்புங்கள். உறவினர்களிடமும் கேளுங்கள். தாத்தா பாட்டி இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் கரங்கான் நண்பன்