மறதியும் மூளைப் படமும்

வைத்த பொருளை வைத்த இடம் தெரியாமல் தேடுவதும், நன்கு அறிந்தவர் பெயர் நாவிற்கு எட்டாமல் நிற்பதும் மக்கள் யாவர்க்கும் இயல்பு. முதுமையில் இம்மறதி சற்று மிகும். ஆயின் அது முதுமையின் விளைவுதானா, அன்றி அறிவையே தேய்க்கும் மறதி நோயின் தொடக்கமா என்பதை வெளித்தோற்றம் கொண்டு துணிதல் அரிது. அவ்வேறுபாட்டை அறிய இக்கால மருத்துவர்க்குத் துணைநிற்பது மூளைப் படமாகும்.

1901-ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டின் பிராங்க்பர்ட் நகர மருத்துவமனையில் 51 வயதுடைய அம்மையார் ஒருவர் சேர்க்கப்பெற்றார். தம் பெயரை எழுதத் தொடங்கி, முடிக்க இயலாது அவர் திகைத்தார். அவர் நிலையைக் கூர்ந்து நோக்கிக் குறித்து வைத்தவர் அலோயிஸ் ஆல்சைமர் என்னும் மருத்துவர். 1906-இல் அவ்வம்மையார் இறந்தபின், ஆல்சைமர் அவர்தம் மூளையை நுண்பெருக்கியால் ஆராய்ந்தார். மூளை சுருங்கியிருந்தது, உயிரணுக்களுக்கு வெளியே படிவுகளும், அவற்றினுள்ளே சிக்கலுற்ற இழைகளும் காணப்பட்டன. அந்நோய் 1910 முதல் அவர் பெயராலேயே வழங்குகிறது. மறதி நோய்களுள் மிகுதியாகக் காணப்படுவதும் அதுவே. எனினும், படிவுகளையும் இழைகளையும் காண நோயாளியின் இறப்பு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

உயிருள்ளார் மூளையைத் திறவாமலே காணும் வழி பின்னரே பிறந்தது. 1971-இல் இலண்டனில், ஹவுன்ஸ்பீல்டு என்னும் பொறிஞர் அமைத்த கருவி, எக்ஸ் கதிர்களின் பதிவுகளைக் கணிப்பொறியால் தொகுத்து, நோயாளி ஒருவரின் மூளையைப் படமாகக் காட்டிற்று. அதன்பின் வந்த எம்.ஆர்.ஐ. கருவி, காந்த ஆற்றலால் இன்னும் தெளிவான படம் தந்தது. மூளையின் இருபுறத்தும் உள்ளே ஹிப்போகேம்பஸ் என்னும் சிறு பகுதி உண்டு. கடற்குதிரையின் வடிவை ஒத்திருத்தலின் அப்பெயர் பெற்றது. புதிய செய்திகளை நினைவில் பதிப்பது இப்பகுதியின் தொழில். ஆல்சைமர் நோயில் இது தொடக்கத்திலேயே சுருங்குவதால், எம்.ஆர்.ஐ. படத்தில் இதன் அளவை மருத்துவர் கருத்துடன் நோக்குவர்.

சுருக்கம் தெரியினும் படிவு தெரியவில்லை. அக்குறையைத் தீர்க்க, அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக அறிஞர்களான கிளங்க், மேதிஸ் என்போர், அமிலாய்டு என்னும் அப்படிவில் ஒட்டிக்கொள்ளும் கதிரியக்கப் பொருள் ஒன்றை ஆக்கினர். 2002-இல் சுவீடன் நாட்டு உப்சாலா நகரில் அப்பொருள் முதன்முதலாக நோயாளி ஒருவருக்குச் செலுத்தப்பட்டது. பெட் என்னும் கருவியில், படிவுள்ள இடங்கள் பளிச்சிட்டுத் தோன்றின. ஆல்சைமர் இறந்தவர் மூளையில் கண்டதை, ஏறக்குறைய ஒரு நூற்றாண்டிற்குப் பின் அறிஞர் உயிருள்ளார் மூளையில் கண்டனர்.

அமிலாய்டுப் படிவு, மறதி தோன்றுவதற்கு ஏறத்தாழ 15 முதல் 20 ஆண்டுகளுக்கு முன்பே சேரத் தொடங்குகிறது. வருவதை முன்னுணர இடமளிப்பது இதுவே. ஒத்த வயதினர் இருவர் ஒரே வகை மறதியுடன் மருத்துவரிடம் வருவதாகக் கொள்க. ஒருவர் மூளையில் படிவு நிறைந்து, ஹிப்போகேம்பஸும் சுருங்கியிருப்பின், அவர் மறதி வளரும் வாய்ப்பு மிகுதி. மற்றவர் மூளையில் படிவே இல்லையாயின், அவர் மறதிக்கு ஆல்சைமர் நோய் காரணமாதல் அரிது. தைராய்டுக் குறை, பி-12 உயிர்ச்சத்துக் குறை, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி உண்டாகலாம். அவை பெரும்பாலும் மருந்திற்குக் கட்டுப்படுவன.

எனினும், மூளைப் படம் சோதிடம் அன்று. படிவு இருந்தும் இறுதிவரை தெளிந்த அறிவுடன் வாழ்ந்த முதியோர் பலர் உளர். படம் காட்டுவது வாய்ப்பின் அளவையே, முடிவை அன்று. ஆதலின், மருத்துவர் படத்தை மட்டும் நம்பாது, நினைவுச் சோதனையையும் குருதிச் சோதனையையும், வீட்டார் கூறும் செய்திகளையும் சேர்த்தே முடிவு செய்வர்.

முழுதும் தீர்க்கும் மருந்து இல்லாத நோயை முன்னறிவதால் பயன் என்னை எனச் சிலர் வினவலாம். அமிலாய்டை அகற்றும் லெக்கனெமாப் என்னும் மருந்திற்கு 2023-இல் அமெரிக்க அரசு முழு ஒப்புதல் அளித்தது. அது நோயின் வேகத்தை ஓரளவு தணிக்குமேயன்றி நோயைத் தீர்க்காது. மூளையில் வீக்கமோ குருதிக் கசிவோ தோன்றுதலும் உண்டு. நோயின் தொடக்கத்தில் உள்ளோர்க்கே அது உரியது. அன்றியும், முன்னறிந்தவர் தம் விருப்பங்களைத் தெளிவுள்ளபோதே வீட்டாரிடம் கூறி, செய்ய வேண்டியவற்றை ஒழுங்கு செய்துகொள்ளலாம். ஆனால், அறிய விரும்புவதும் விரும்பாததும் அம்முதியவர் உரிமை. அவரைக் கேளாது பிறர் முடிவு செய்தல் முறையன்று.

கூறியதையே கூறும் முதியோரைக் கண்டு இளையோர் நகைத்தல் தகாது. அவர்தம் மறதியை முதுமையென்று புறக்கணியாமலும், பெருநோயென்று அஞ்சாமலும், உரிய காலத்தில் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதலே அவர்க்குச் செய்யும் நல்லுதவியாகும்.