கடிதம் ஒரு கணக்கு, கிரவல் ஒரு கணக்கு



ஹல்துமுல்லை, பெரகலை, கொஸ்லந்தைப் பக்கம் இருப்பவர்கள் தினமும் பார்க்கிற பெருவீதி ஏ4. கொழும்பில் தொடங்கி, இரத்தினபுரி வழியாக நம் மலையில் ஏறி, வெல்லவாய, மொனராகலைக்கு இறங்கி, பொத்துவில், அக்கரைப்பற்று, கல்முனை என்று கடலோரமாகப் போய் மட்டக்களப்பில் முடிகிறது. அந்த வீதியிலிருந்து மலையில் பிரிந்தால் தோட்டப் பாதை. கல்முனையில் கடல் பக்கம் பிரிந்தால் ஒழுங்கை. இரண்டு இடத்திலும் சனங்களுக்குள் வருகிற மனத்தாங்கல் ஒன்றுதான்: பாதையை யார் திருத்துவது? கடுதாசி ஏன் கைக்கு வரவில்லை?

இந்த மாதப் பாடத்துக்குக் கல்முனைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றை எடுத்துக்கொள்வோம். பிறகு அதை நம் லயத்துக்கும் புது வீட்டுத் திட்டத்துக்கும் பொருத்திப் பார்ப்போம்.

1. ஒழுங்கை எப்படி உண்டாகிறது?

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். வாப்பாவும் உம்மாவும் மகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பார்கள். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார். மூன்று மகள்மார் என்றால் ஒரே வளவு மூன்றாகப் பிரியும். வீதியோரத் துண்டு ஒருத்திக்கு, பின் துண்டுகள் மற்ற இருவருக்கு. பின்வீட்டார் போய்வர ஓரமாக எட்டடியோ பத்தடியோ விடுவார்கள். அதுதான் ஒழுங்கை. மாநகர சபை அதைப் பொறுப்பேற்காதவரை அது தனியார் பாதை. அடியில் கடல் மணல், மேலே கிரவல். வடகீழ்ப் பருவ மழை வந்தால் முழங்காலளவு தண்ணீர்.

வாப்பா இருக்கும்வரை அவரே ஒரு லோட் கிரவல் கொட்டிப் பரப்பிவிடுவார். அவருக்குப் பிறகுதான் கேள்வி வருகிறது.

2. பாதைச் சண்டை கடிதத்துக்குத் தாவுவது

ஓர் உதாரணத்துக்கு இப்படி வைத்துக்கொள்வோம். முன்வீட்டில் மூத்தவள், பின்வீட்டில் இளையவள். தபால்காரர் சைக்கிளைச் சேற்றில் இறக்க முடியாமல், பின்வீட்டுக் கடிதத்தையும் முன்வீட்டிலேயே கொடுத்துவிட்டுப் போகிறார். கிரவல் காசு பற்றிப் பேச்சு முறிகிறது. மறுமாதம் இப்படி நடக்கிறது:

"ராத்தா, எனக்குக் கடிதம் ஒண்டும் வரல்லியா?"

"ஒண்ட கடிதத்த நானா பாத்துக்கிட்டு இரிக்கன்? றோட்டுக்குக் காசி கேட்டா மட்டும் வாய் வரல்ல."

கடிதம் அலுமாரிக்கு மேலே கிடக்கிறது. அது வங்கியில் இருந்து வந்த அறிவித்தல். ஈடு வைத்த நகையை இந்தத் திகதிக்கு முன் மீட்காவிட்டால் ஏலத்தில் போகும் என்று அதில் எழுதியிருக்கிறது. கிரவலுக்குக் கொடுக்காத காசு சில ஆயிரம். போகப்போவது உம்மா போட்ட மாலை.

இதில் யார் பிழை என்று கேட்டால் இரண்டு பக்கமும் நூறு நியாயம் சொல்வார்கள். ஆனால் இரண்டு கணக்கை ஒரு கொப்பியில் எழுதியதுதான் பிழை. கடிதம் ஒரு கணக்கு. கிரவல் இன்னொரு கணக்கு. ஒன்றை வைத்து மற்றதற்குப் பழி தீர்க்கக்கூடாது.

3. முதற்கணக்கு: கடிதம்

கடிதம் உறையில் யார் பெயர் இருக்கிறதோ அவருடையது. வாங்கிவைத்தவருக்கு அதில் உரிமை இல்லை, பொறுப்பு மட்டும்தான். பிறர் கடிதத்தைத் தெரிந்துகொண்டே மறைப்பதும் உடைப்பதும் அயல் சண்டை அல்ல, சட்டத்தின் முன் குற்றமாகக்கூடிய காரியம்.

கடிதம் தவறுவதற்குப் பாதி காரணம் விலாசம். சாய்ந்தமருதில் கிராம உத்தியோகத்தர் பிரிவுகளுக்கு இலக்கம் உண்டு. 'சாய்ந்தமருது 05' என்பதற்குப் பதில் '15' என்று ஓர் இலக்கம் கூடினால் கடிதம் வேறு ஒழுங்கைக்குப் போய்விடும். வளவு பிரிந்தும் மூன்று வீட்டாரும் பழைய ஒரே இலக்கத்தைப் பாவித்தால் தபால்காரர் என்ன செய்வார்? ஆகவே:

அ. வளவு பிரிந்தவுடன் உள்ளூராட்சி சபையில் கேட்டு, ஒவ்வொரு வீட்டுக்கும் தனி இலக்கம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆ. ஒழுங்கை வாயிலில் மூன்று பெட்டிகள், மூன்று இலக்கம், மூன்று பெயர் வைக்கலாம். தபால்காரர் சேற்றில் இறங்கத் தேவையில்லை, ராத்தாவுக்கும் பாரமில்லை.

இ. முக்கியமான கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பும்படி கேளுங்கள். கையொப்பம் வைத்துத்தான் எடுக்க வேண்டும். அனுப்பியவரிடம் பற்றுச்சீட்டு இலக்கம் இருக்கும், அதை வைத்துத் தேடலாம்.

ஈ. கடிதம் வராவிட்டால் முதலில் தபாலதிபரிடம் எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். அங்கு தீராவிட்டால் தபால் அத்தியட்சகருக்கு எழுதுங்கள்.

4. இரண்டாம் கணக்கு: பாதை

"நான் வீதியோரம்தானே இரிக்கன், எனக்கென்னத்துக்கு கிரவல்?" என்பார் முன்வீட்டார். "எல்லாருக்கும் சமன் பங்கு" என்பார் கடைசி வீட்டார். இரண்டிலும் பாதி நியாயம் உண்டு. இந்தக் கேள்வி புதிதல்ல. நம் மலையில் வெள்ளைக்காரத் துரைமாருக்குள்ளும் இதே வழக்குத்தான் இருந்தது. அதற்காகவே 1896இல் கிளை வீதிகள் கட்டளைச் சட்டமும் 1902இல் தோட்ட வீதிகள் கட்டளைச் சட்டமும் வந்தன. பாதையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, எந்தத் தோட்டம் எந்தப் பகுதிவரை பாவிக்கிறதோ அந்தப் பகுதிச் செலவில் ஏக்கர் கணக்குப்படி பங்கு போட்டார்கள்.

அதே முறையை ஒழுங்கைக்கும் போட்டுப் பார்ப்போம். 400 அடி ஒழுங்கை. 100 அடிக்கு ஒன்றாக நான்கு வீடுகள். 100 அடி திருத்த 12,000 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் 100 அடியை நால்வரும் பாவிக்கிறார்கள்: ஆளுக்கு 3,000.
இரண்டாம் 100 அடியை மூவர்: ஆளுக்கு 4,000.
மூன்றாம் 100 அடியை இருவர்: ஆளுக்கு 6,000.
நான்காம் 100 அடி கடைசி வீட்டாருக்கு மட்டும்: 12,000.

மொத்தம் பார்த்தால் முதல் வீடு 3,000, இரண்டாம் வீடு 7,000, மூன்றாம் வீடு 13,000, நான்காம் வீடு 25,000. எல்லாம் சேர்த்து 48,000.

கடைசி வீட்டாருக்கு 25,000 என்பது பாரம்தான். அவர் காசில்லாமல் விலகிக்கொண்டால் பாதையே நடக்காது. அதுவுமில்லாமல் ஒழுங்கையில் தண்ணீர் தேங்கினால் முன்வீட்டு மதிலும்தான் ஊறும். ஆகவே செலவில் பாதியைச் சமனாகவும் மறுபாதியைத் தூரக் கணக்கிலும் போடலாம். அப்போது 7,500, 9,500, 12,500, 18,500 என்று வரும். கூட்டிப் பாருங்கள், அதே 48,000தான். காசு இல்லாதவர் ஆள்வேலையாகச் செய்யலாம். அந்த நாட்சம்பளத்தை முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு ஒரு மழைக்குக்கூட நிற்காது.

வேலையில் ஒரு விஷயம். இது கான் வெட்டிய நம் ஆட்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை: முதலில் தண்ணீருக்கு வழி, பிறகுதான் கிரவல். 10 அடி அகலப் பாதை என்றால் ஓரத்தைவிட நடு 3 அங்குலமாவது உயர்ந்திருக்க வேண்டும். குழியில் வெறுமனே கல்லைக் கொட்டாதீர்கள். தண்ணீரை இறைத்து, குழியைச் சதுரமாக வெட்டி, கிரவலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, நனைத்து இடியுங்கள். கான் அடைபட்ட பாதையில் எத்தனை லோட் கொட்டினாலும் அது மழையோடு போகும்.

5. சட்டம் என்ன சொல்கிறது?

பிறர் காணிக்கு மேலால் வழியுரிமை இருந்தால், காணிக்காரர் வழியை மறிக்கக்கூடாது. ஆனால் அதைத் திருத்திக் கொடுப்பது அவர் கடமையல்ல. பொதுவாகப் பாவிக்கிறவர்தான் திருத்த வேண்டும். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டப்படி, 10 வருடம் தடையில்லாமல், உரிமையாகவே நடந்துவந்த வழிக்கு உரிமை கோரலாம். தயவு கேட்டு, அனுமதியோடு நடந்த வழிக்கு அப்படிக் கோர முடியாது. எனவே காணி பிரிக்கும்போதே வழியை நில அளவைப் படத்திலும் உறுதியிலும் போடுவதுதான் புத்தி.

வழியை மறித்துக் கைகலப்பு வரும்போல் இருந்தால், 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் விஷயம் ஆரம்ப நீதிமன்றத்துக்குப் போகலாம். அதற்கு முன் மத்தியஸ்த சபை இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த சபை அது. அங்கே சட்டத்தரணி தேவையில்லை. இரு பக்கமும் ஒத்துக்கொண்டதை எழுதித் தருவார்கள்.

6. நம் தோட்டத்துக்கு வருவோம்

பல தோட்டங்களில் இன்றும் தபால்காரர் லயத்து வாசலுக்கு வருவதில்லை. கடுதாசி தோட்ட ஆபீசுக்கு வந்து, அங்கிருந்து யாரோ ஒருவர் கையில் வருகிறது. நேர்முகப் பரீட்சைக் கடிதம் திகதி கழிந்தபின் கிடைத்த பிள்ளைகள் நம்மிடையே உண்டு. ஒரு டிவிஷனில் ஒரே பெயரில் நாலு பேர் இருந்தால் குழப்பம் இன்னும் கூடும். ஆகவே பெயரை முதலெழுத்தோடு எழுதி, லய இலக்கம், காம்பரா இலக்கம், டிவிஷன், தோட்டம், தபாலகம், தபால் குறியீடு எல்லாவற்றையும் எழுதுங்கள். ஹட்டனுக்கு 22000, பண்டாரவளைக்கு 90100, கல்முனைக்கு 32300. ஆபீசில் ஒரு கொப்பி வைக்கச் சொல்லிக் கேளுங்கள்: வந்த திகதி, பெயர், கொடுத்த திகதி, கையொப்பம். "ஐயா, யாரையும் குறை சொல்ல வரல்ல, ஒரு கொப்பி மட்டும் போடுங்க" என்று மரியாதையாகக் கேட்டால் எந்தக் கணக்கப்பிள்ளைக்கும் கோபம் வராது.

பாதை விஷயத்தில் நமக்கு இன்னொரு சிக்கல் இருந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை செலவு செய்யத் தடையாக நின்றது. 2018இல் அது திருத்தப்பட்டது. ஆகவே "தோட்டத்துப் பாதை எங்க வேலை இல்ல" என்று இப்போது யாரும் ஒரே சொல்லில் திருப்பி அனுப்ப முடியாது. தோட்ட நிர்வாகத்தோடு பேசி, கையொப்பங்களோடு எழுத்தில் கேளுங்கள். 7 பேர்ச் காணியில் புது வீட்டுக்குப் போனவர்கள், வீட்டுக்கு முன்னுள்ள சின்னப் பாதைக்கு மேலே சொன்ன பங்குக் கணக்கை இப்போதே, சண்டை வருமுன், போட்டு வையுங்கள்.

குடும்பமாக இருந்து பேச

1. நம் வீட்டுக்கு வரும் கடுதாசி எத்தனை கை மாறி வருகிறது?
2. நம்மிடம் பிறர் கடுதாசி ஏதாவது தங்கியிருக்கிறதா? இருந்தால் இன்றைக்கே கொண்டுபோய்க் கொடுப்போம்.
3. நம் பாதையில் தண்ணீர் எங்கே நிற்கிறது? அந்தக் கானை யார் பார்ப்பது?
4. நம் வரிசையில் கடைசி வீடு யாருடையது? அவரால் எவ்வளவு தர முடியும்?

அயலவரோடு கிரவல் கணக்கில் கோபம் இருக்கலாம், ஒரு மாதம் பேசாமலும் இருக்கலாம். ஆனால் அவர் பெயருக்கு ஒரு கடுதாசி வந்தால், அன்றைக்கே அது அவர் கைக்குப் போய்ச் சேரட்டும்.