கருங்கோழி இடும் முட்டை

மத்தியப் பிரதேசத்தின் மேற்கு எல்லையில் ஜாபுவா மாவட்டம் உள்ளது. அங்கு வாழும் பீல் பழங்குடி மக்கள் தம் வீட்டு முற்றங்களில் கடக்நாத் என்னும் கோழியினத்தைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்து வருகின்றனர். அதன் தோல், அலகு, கால் யாவும் கறுப்பு. இறைச்சியும் கருமை படிந்ததே. 2018ஆம் ஆண்டில் அவ்விறைச்சிக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. அக்கோழியின் முட்டை என்ன நிறம் என்று வினவினால், மாணவர்களுள் பலர் தயங்காமல் "கறுப்பு" என்பர். உண்மையில் அம்முட்டையின் ஓடு இளம்பழுப்பு நிறமுடையது.

தோலுக்குக் கருமை தரும் நிறமி வேறு. ஓட்டுக்கு நிறம் தரும் நிறமி வேறு. கோழியின் வயிற்றில் ஒரு முட்டை முழுமையாக உருவாக ஏறத்தாழ 25 மணிநேரம் ஆகும். அதில் ஏறக்குறைய 20 மணிநேரம் ஓடு உருவாவதற்கே செலவாகிறது. ஓடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டால் ஆனது. அதன் இயல்பான நிறம் வெண்மை. பழுப்பு முட்டையிடும் கோழிகளின் உடலில், இறுதிச் சில மணிநேரத்தில் புரோட்டோபோர்பிரின் என்னும் நிறமி அவ்வெண்ணிற ஓட்டின்மீது படிகிறது. சுவர் எழுப்பி முடித்தபின் வெளிப்புறம் வண்ணம் பூசுவதைப் போன்றது இது. ஆதலால்தான் பழுப்பு முட்டையை உடைத்து உட்புறம் நோக்கினால் ஓடு வெண்மையாகத் தெரிகிறது. வெள்ளை லெகார்ன் கோழிக்கு இவ்வண்ணப் பூச்சு இல்லை. நாமக்கல் பண்ணைகளிலிருந்து வரும் முட்டைகள் வெண்மையாக இருப்பதன் காரணம் இதுவே.

தென் அமெரிக்காவின் சிலி நாட்டிலுள்ள அரௌகானா கோழியோ நீல முட்டை இடுகிறது! அந்நீலம் மேற்பூச்சன்று. பிலிவெர்டின் என்னும் நிறமி ஓட்டின் உட்புறம்வரை ஊடுருவிக் கலந்துள்ளது.

முற்றத்தில் பல இனக் கோழிகளை ஒன்றாக வளர்ப்போர், கூடையில் கிடக்கும் முட்டையைக் கண்டே அதனை இட்ட கோழி எதுவென்று பெரும்பாலும் கூறிவிடுவர். ஒரு கோழி தன் வாழ்நாள் முழுவதும் ஒரே வகை நிறத்திலேயே முட்டையிடும். வெண்மை பழுப்பாகாது, பழுப்பு நீலமாகாது. கோழிக்கு வயது கூடும்போதும், அது அச்சமுற்றாலோ நோயுற்றாலோ, பழுப்பு சற்று வெளிறக்கூடும். செவிக்குக் கீழுள்ள மடல் வெண்மையாயின் வெள்ளை முட்டை, சிவப்பாயின் பழுப்பு முட்டை என்று சொல்லும் வழக்கமும் உண்டு. பல இனங்களுக்கு அது பொருந்தும், எல்லாவற்றுக்கும் பொருந்தாது.

இனி, கடைக்கு வருவோம். பழுப்பு முட்டையே சத்து மிக்கது என எண்ணி உங்கள் வீட்டிலும் கூடுதல் விலை கொடுத்து வாங்குகின்றனரா? ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைக் காட்டுமேயன்றி முட்டையின் சத்தைக் காட்டாது. ஒரே தீவனம் உண்ட இரு கோழிகளின் முட்டைகளில், ஓடு எந்நிறமாயினும், சத்து ஏறத்தாழ ஒன்றே. மஞ்சட்கருவின் நிறம் மட்டும் தீவனத்தால் மாறும். மக்காச்சோளமும் பசுந்தழையும் உண்டால் அது அடர்ந்து காணப்படும். பின் ஏன் விலை வேறுபாடு? லெகார்ன் ஆண்டுக்கு ஏறத்தாழ 300 முட்டைகள் இடும். நாட்டுக்கோழியோ நூறைத் தொடுவதே அரிது. அக்குறைவுக்கு உரிய விலை கொடுப்பது நியாயமே. ஆனால் வெள்ளை முட்டையைத் தேயிலைச் சாற்றில் ஊறவைத்து நாட்டுக்கோழி முட்டை என விற்போரும் உண்டு. நிறத்தை மட்டும் நம்பி வாங்குவோர் ஏமாறுவது அங்கேதான்.

மொழி அறிவோம்

இந்தி பேசும் ஊர்களில் வளரும் நம் மாணவர்கள் சிலர் "கோழி முட்டை கொடுக்கிறது" என்று எழுதுகின்றனர். அஃது இந்தி வழக்கு. தமிழில் கோழி முட்டை இடும், பின்பு அடைகாக்கும், குஞ்சு பொரிக்கும். குஞ்சு பொரிக்காமல் கெட்டுப்போவது கூமுட்டை. கோழிகளைக் கவிழ்த்து மூடும் பெரிய கூடை பஞ்சாரம். பழுப்பைத் தவிட்டு நிறம் என்றும் கூறலாம்.

பயிற்சி

1. பழுப்பு முட்டையின் உட்புறம் வெண்மையாக இருப்பது ஏன்?
2. வீட்டில் உடைத்த முட்டை ஓடு ஒன்றைக் கழுவி, இருபுறமும் உற்றுநோக்கி ஐந்து தொடர்கள் எழுதுக.
3. உங்கள் பகுதிக் கடையில் வெள்ளை, பழுப்பு முட்டைகளின் விலையைக் கேட்டறிக. வேறுபாட்டுக்குக் கடைக்காரர் கூறும் காரணம் சரியா? பாடத்தைக் கொண்டு ஆராய்ந்து எழுதுக.