கையெழுத்துக்கு முன்

தோழியரே, இசைக்குழு அமைக்க ஆசைப்படும் நாம் கிதார் வாங்கக் காசு சேர்க்கிறோம். ஒப்பந்தம் படிக்கக் கற்கிறோமா? இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவுக்கு 1962இல் மேலாளரானவர், லிவர்பூலில் இசைத்தட்டுக் கடை நடத்திய பிரையன் எப்ஸ்டீன். டெக்கா கம்பெனி மறுத்தும் சளைக்காமல் அலைந்து, அவ்வாண்டே பார்லபோன் இசைத்தட்டில் பாட வைத்தார். நல்ல மனிதர்தாம், கணக்கில்தான் ஏமாந்தார்! குழுவின் பெயரில் பொம்மை, பொய்முடி விற்கும் உரிமையைப் பிறருக்குக் கொடுத்து முதலில் பெற்றது 10 சதவீதமே. லெனன், மக்கார்ட்னி இயற்றிய பாடல்களுக்காக 1963இல் தோன்றிய நார்தர்ன் சாங்ஸ் கம்பெனியிலும் அவ்விருவருக்குப் பெரும்பங்கு இல்லை. 1969இல் அது ஏ.டி.வி. கைக்குப் போயிற்று, இயற்றியவர்களால் தடுக்க இயலவில்லை. ஆகவே மேலாளருக்கு எத்தனை சதவீதம், எத்தனை ஆண்டு, பாட்டு யாருக்குச் சொந்தம் என்பதை வக்கீலிடம் கேட்டறிந்த பின்பே பேனாவைத் திறப்போம். பதினெட்டு வயதுவரை நம் கையெழுத்து செல்லாதாம். அப்பாவையும் அழைத்துப் போகவேண்டும்!