காலிறுதியில்தான் கதவு திறக்கும்

குஷாய்குடா, ஈசிஐஎல் பக்கத்துப் பிள்ளைகள் வாள்வீச்சு கற்க ஆரம்பித்த சில மாதங்களிலேயே என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "தாத்தா, நேஷனல்ஸுக்கு எப்படிப் போறது?" நான் வாள் பிடித்து ஆடியவனல்ல. எலக்ட்ரானிக்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வயர் அறுந்த வாளையும், வாளை மின்கருவியோடு இணைக்கும் பாடி கார்டு வயரையும் சரிசெய்து கொடுக்கப் போய், போட்டி நடக்கும் கூடங்களின் ஓரத்தில் பல வருடங்கள் உட்கார்ந்திருக்கிறேன். திறமை இருந்தும் வழி தெரியாமல் பின்தங்கிய பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். அப்பா அம்மாவும் கூட உட்கார்ந்து படியுங்கள்.

1. முதலில் உன் மாவட்டம் எது என்று தெரிந்துகொள். கடிதத்தில் நாம் ஹைதராபாத் என்றுதான் எழுதுகிறோம். ஆனால் 2016 அக்டோபரில் மாவட்டங்களைப் பிரித்தபோது குஷாய்குடா மேட்சல்-மல்காஜ்கிரி மாவட்டத்தில் சேர்ந்தது. அதற்கு முன் ரங்காரெட்டி மாவட்டம். வீட்டில் இருக்கும் பழைய தாள்களில் ரங்காரெட்டி என்றும், ஆதாரில் வேறு மாதிரியும், பள்ளிச் சான்றிதழில் ஹைதராபாத் என்றும் இருக்கும். செலக்‌ஷன் நாள் காலையில் மேசை முன்னால் நின்றுகொண்டு இதைப் பேசித் தீர்க்க முடியாது. எந்த மாவட்டத்தின் பெயரில் ஆடப்போகிறாய் என்பதைப் பயிற்சியாளரிடம் இப்போதே கேட்டு, தாள்களை அதற்கேற்பச் சரிசெய்து வை.

2. நேஷனல்ஸுக்குத் தனியாளாக விண்ணப்பம் போட முடியாது, மாநிலம்தான் அனுப்பும். மாவட்டத் தேர்வு, மாநிலப் போட்டி, பிறகு தேசியப் போட்டி என்பதே வரிசை. ஃபாயில், எப்பே, சேபர் என்று மூன்று ஆயுதங்கள். ஆண், பெண் சேர்த்தால் ஆறு பிரிவுகள். ஒரு பிரிவுக்கு நான்கு பேர் என்பது வழக்கம். ஆக ஒரு மாநிலத்துக்கு இருபத்து நான்கு பேர். அந்த நால்வரே தனிநபர் போட்டியிலும் ஆடுவார்கள், அணிப் போட்டியிலும் ஆடுவார்கள். 2014 ஜூனில் தெலங்கானா பிறந்ததிலிருந்து நம் பிள்ளைகளுக்குத் தனி அணி இருக்கிறது. முன்பு ஒன்றுபட்ட ஆந்திரத்தின் அந்த நான்கு இடங்களுக்கு விசாகப்பட்டினத்துப் பிள்ளையோடும் விஜயவாடாப் பிள்ளையோடும் மோத வேண்டியிருந்தது. இது நமக்குக் கிடைத்த பெரிய வாய்ப்பு. அதைச் சரியாகப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். மாநிலச் சங்கத்தில் பதிவு, கட்டணம், கடைசித் தேதி மூன்றும் ஒவ்வொரு வருடமும் சுற்றறிக்கையில் வரும். யாரோ சொன்னார்கள் என்று இருக்காமல் அந்தச் சுற்றறிக்கையை நீயே படி.

3. வயதுப் பிரிவைப் பிறந்த தேதிதான் முடிவு செய்யும், படிக்கிற வகுப்பு அல்ல. உலக அளவில் கேடட் என்றால் 17 வயதுக்குள், ஜூனியர் என்றால் 20 வயதுக்குள். நம் நாட்டில் அதற்கும் கீழே சின்னப் பிள்ளைகளுக்கான பிரிவுகள் உண்டு. வயது குறைந்த பிள்ளை மேல் பிரிவில் ஆடலாம். மேலே உள்ளவர் கீழே இறங்க முடியாது. பதினைந்து வயதுப் பிள்ளை கேடட் போட்டியோடு நின்றுவிடாமல் ஜூனியர் செலக்‌ஷனுக்கும் போய் நிற்க வேண்டும் என்பது என் கட்சி. தோற்றாலும், தன்னைவிட உயரமான, வேகமான கையை எதிரே பார்த்துப் பழகலாம். பெற்றோருக்கு ஒரு வார்த்தை: பிறப்புச் சான்றிதழைத் திருத்தி வயதைக் குறைக்கும் யோசனையை யாராவது சொன்னால் அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

4. ஆயுதத்தை உன் சுபாவத்தைப் பார்த்துத் தேர்ந்தெடு. ஃபாயிலில் உடம்பின் நடுப்பகுதி மட்டும் இலக்கு. சேபரில் இடுப்புக்கு மேலே எல்லாம். அதில் வீசியும் வெட்டலாம். எப்பேயில் தலைமுதல் கால்வரை எங்கே குத்தினாலும் புள்ளி. ஃபாயிலிலும் சேபரிலும் யார் முதலில் தாக்குதலைத் தொடங்கினார் என்பதை நடுவர் பார்த்துப் புள்ளி கொடுப்பார். எப்பேயில் அந்தக் கணக்கு இல்லை. இருவரும் ஒரே நேரத்தில் குத்தினால் இருவருக்கும் புள்ளி. பொறுமைசாலிக்கு எப்பே, வெடிப்பாகப் பாய்பவனுக்கு சேபர் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பெரும்பாலும் சரி. "நம்ம மாநிலத்துல இந்த ஆயுதத்துல கூட்டம் கம்மி, ஈசியா நேஷனல்ஸ் போயிடலாம்" என்று கணக்குப் போட்டு மாறும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். போகலாம்தான். அங்கே மணிப்பூர், ஹரியானா, பஞ்சாப், சர்வீசஸ் ஆட்கள் எதிரே நிற்பார்கள். மனசுக்கு ஒட்டாத ஆயுதத்தோடு அவர்கள் முன்னால் போய் நிற்பது பிள்ளைக்குச் செய்யும் கொடுமை.

5. பூல் சுற்றில் ஒவ்வொரு தொடுதலும் கணக்கில் ஏறும். இதைத்தான் புதிதாக வருபவர்கள் கவனிப்பதில்லை. பூல் என்பது ஆறேழு பேர் கொண்ட குழு. எல்லோரும் எல்லோரோடும் ஆட வேண்டும். ஐந்து தொடுதல், மூன்று நிமிடம். முடிந்ததும் வெற்றி விகிதத்தை வைத்து வரிசைப்படுத்துவார்கள். விகிதம் சமமாக இருந்தால், நீ தொட்டதிலிருந்து உன்னைத் தொட்டதைக் கழித்துப் பார்ப்பார்கள்.

உதாரணத்துக்கு, ஆறு பேர் குழுவில் இரண்டு பெண்களை எடுத்துக்கொள். இருவருக்கும் மூன்று வெற்றி, எல்லாம் 5-3. மீதி இரண்டு ஆட்டத்தில் இருவருமே தோற்றார்கள். முதல் பெண் 4-5, 3-5 என்று கடைசிவரை போராடித் தோற்றாள். அவள் தொட்டது 22, வாங்கியது 19. கணக்கு கூட்டல் 3. இரண்டாமவள் "இது நம்மால் ஆகாது" என்று கையைத் தொங்கவிட்டு 0-5, 1-5. தொட்டது 16, வாங்கியது 19. கணக்கு கழித்தல் 3. வெற்றிகள் சமம், வரிசை வேறு. எல்லாக் குழுக்களையும் சேர்த்துப் பட்டியல் போடும்போது ஒருத்தி ஐந்தாவது இடத்திலும் இன்னொருத்தி எட்டாவது இடத்திலும் போய் உட்காரலாம்.

மூன்று இடம்தானே என்று நினைக்காதே. அடுத்த சுற்று நேரடி வெளியேற்றம், பதினைந்து தொடுதல். பதினாறு பேர் பட்டியலில் முதலிடக்காரர் பதினாறாமவரோடும், எட்டாமவர் ஒன்பதாமவரோடும் மோதுவார்கள். எல்லாம் வரிசைப்படியே போனால், எட்டாம் இடத்தில் இருப்பவள் காலிறுதியில் சந்திப்பது முதலிடக்காரியை. ஐந்தாம் இடத்தில் இருப்பவள் சந்திப்பது நான்காமவளை. 1-4 என்று பின்தங்கியபோது நீ எடுக்கும் இன்னொரு தொடுதலுக்கு இவ்வளவு விலை இருக்கிறது.

6. மாநிலப் போட்டியில் காலிறுதிதான் உன் இறுதிப் போட்டி. தனிநபர் பிரிவில் அரையிறுதியில் தோற்ற இருவருக்கும் வெண்கலம் கொடுப்பது வழக்கம்; மூன்றாம் இடத்துக்குத் தனி ஆட்டம் இருக்காது. ஆகவே அரையிறுதியில் கால் வைத்தாலே முதல் நால்வரில் ஒருவர். காலிறுதியில் 14-15 என்று தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பதக்கக் கனவைத் தள்ளி வைத்துவிட்டு, அந்த ஒரு ஆட்டத்துக்காக உடம்பையும் மனசையும் சேமித்து வை. அதற்கு முந்தின சுற்றில் 13-5 என்று முன்னிலை இருக்கும்போது கைதட்டலுக்காகப் பாய்ந்து பாய்ந்து மூச்சு வாங்காதே. எப்பே ஆடுபவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். 14-13 என்று முன்னிலையில் இருந்தால் ஒரே நேரக் குத்து உனக்கு வெற்றி. இருவருக்கும் ஆளுக்கொரு புள்ளி ஏறி 15-14 ஆகிவிடும். 14-14 ஆகிவிட்டால் அந்தக் குத்து செல்லாது.

காலிறுதியில் தோற்ற நால்வரையும் ஐந்து முதல் எட்டு வரை எப்படி வரிசைப்படுத்துவார்கள் தெரியுமா? பூல் முடிவில் வந்த வரிசையை வைத்துத்தான். தேர்வான நால்வரில் ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவருக்குப் பரீட்சை என்று இடம் காலியானால், வழக்கமாக ஐந்தாமவரைத்தான் கூப்பிடுவார்கள். அங்கேயும் காலையில் நீ எடுத்த தொடுதல்தான் பேசும்.

7. உன் சாமான்களை நீயே சோதிக்கக் கற்றுக்கொள். இது என் துறை என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். ஃபாயில் வாளைச் செங்குத்தாக நிறுத்தி, நுனியில் 500 கிராம் எடையை வைத்து அழுத்தினால், நுனியின் ஸ்பிரிங் அந்த எடையை மேலே தள்ளிவிட வேண்டும். எப்பேக்கு 750 கிராம். தள்ளாவிட்டால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது, மாற்று. பாடி கார்டு பெரும்பாலும் அறுவது பிளக்குக்குள் நுழையும் இடத்தில். மல்டிமீட்டரை இரண்டு முனையிலும் வைத்துக்கொண்டு பிளக்கின் கழுத்தை மெதுவாக ஆட்டிப் பார். ரீடிங் 1 ஓமுக்குள் அசையாமல் நின்றால் நல்ல வயர். ஆட்டும்போது குதித்தால் உள்ளே செம்பு இழைகள் அறுந்துகொண்டிருக்கின்றன என்று அர்த்தம். அந்த இடத்தைக் கத்தரித்து, தோலை உரித்து, திரும்பத் திருகிவிடு. பத்து நிமிட வேலை. நம் பகுதியில் மல்டிமீட்டர் இல்லாத தெரு கிடையாது.

ஆட்டம் தொடங்கும்போது நடுவர் சோதித்து வாள் வேலை செய்யாவிட்டால் மஞ்சள் அட்டை. அதே ஆட்டத்தில் மறுபடி அப்படி நேர்ந்தால் சிவப்பு. எதிராளிக்கு ஒரு தொடுதல் இனாமாகப் போகும். ஐந்து தொடுதல் ஆட்டத்தில் அது ஐந்தில் ஒரு பங்கு. அதனால் இரண்டு வாள், இரண்டு பாடி கார்டு இல்லாமல் ஆடுகளத்தில் ஏறாதே.

லேமே சட்டையில் வேர்வை காய்ந்தால் உலோக இழை கருத்து, அங்கங்கே மின்சாரம் ஓடாமல் போகும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, முறுக்கிப் பிழியாமல் நிழலில் தொங்கவிடு. போர் தண்ணீர் வேண்டாம். அதில் உப்பு அதிகம். மஞ்சீரா தண்ணீர் வரும் நாளில் ஒரு வாளி பிடித்து வை.

பழைய வாள் வாங்கலாம், பழைய கையுறை வாங்கலாம். மாஸ்க்கில் மட்டும் சிக்கனம் கூடாது. 1982-இல் ரோம் உலகப் போட்டியில் எதிராளியின் வாள் உடைந்து மாஸ்க்கைத் துளைத்ததில் சோவியத் சாம்பியன் விளாதிமிர் ஸ்மிர்னோவ் உயிரிழந்தார். இன்றைய மாஸ்க், உடை விதிகள் இவ்வளவு கடுமையானதற்கு அந்தச் சாவு ஒரு முக்கியக் காரணம். வலை அமுங்கிய மாஸ்க்கைத் தம்பிக்கும் கொடுக்காதே.

8. நேரத்துக்கு முன்னால் போ. சென்னைப் பெண் பவானி தேவி 2007-இல் துருக்கியில் தன் முதல் சர்வதேசப் போட்டிக்குப் போனபோது, மூன்று நிமிடம் தாமதமானதால் கருப்பு அட்டை வாங்கி, ஆடாமலேயே வெளியேறினார். கருப்பு அட்டை என்றால் அந்தப் போட்டியே முடிந்தது. போட்டி கச்சிபௌலியில் என்றால் குஷாய்குடாவிலிருந்து நகரத்தையே குறுக்கே கடக்க வேண்டும். எட்டு மணி ரிப்போர்ட்டிங்குக்கு ஆறரைக்குக் கிளம்பினால் போதும் என்று நினைக்கிறவர்கள் அந்தச் சாலையில் போனதில்லை.

9. நடுவரோடு வாதாடாதே. தொடக்கத்திலும் முடிவிலும் எதிராளிக்கும் நடுவருக்கும் பார்வையாளருக்கும் வாளை உயர்த்தி வணக்கம் சொல். தோற்ற கோபத்தில் வணக்கம் சொல்லாமல் இறங்கினால் அதற்கும் தண்டனை உண்டு. பெற்றோர் கயிற்றுக்கு அந்தப் பக்கமே நில்லுங்கள்.

10. பள்ளி வழி தனி. பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு நடத்தும் தேசியப் போட்டி வேறு, வாள்வீச்சுச் சங்கத்தின் தேசிய சாம்பியன்ஷிப் வேறு. இரண்டுக்கும் தேர்வு தனித்தனி. கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டிலும் வாள்வீச்சு சேர்ந்திருக்கிறது. ஒன்றில் தவறினால் இன்னொன்று இருக்கிறது. இரண்டுக்கும் பெயர் கொடு.

11. அணியில் இடம் கிடைத்தால் பயணத்துக்குத் தயாராகு. விமானத்தில் வாளைக் கையோடு கொண்டுபோக முடியாது, செக்-இன் பையில்தான். ரயிலில் போனால் சங்கத்தின் கடிதத்தை மேலே தெரியும்படி வைத்துக்கொள். நீளமான பையைப் பார்த்தால் போலீஸ் கேட்கத்தான் கேட்கும். 2025 ஜனவரியில் செர்லபள்ளி புது டெர்மினல் திறந்ததிலிருந்து சில வண்டிகளுக்கு நாம் செகந்திராபாத் வரை போக வேண்டியதில்லை. டிக்கெட்டில் எந்த ஸ்டேஷன் என்று பார்த்துக் கிளம்பு.

12. தேர்வாகாதவர்களுக்கு. பவானி தேவி 2004-இல் சென்னைப் பள்ளியில் சேர்ந்த காலத்தில் மூங்கில் குச்சியை வைத்துத்தான் பழகினார். தலச்சேரிக்குப் போய்ப் பயிற்சி பெற்றார், பிறகு இத்தாலி. உலகத் தரவரிசையில் ஏறி, ஆசிய-ஓசியானிய இடம் ஒன்றைப் பிடித்து டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆடினார்; ஒலிம்பிக்கில் ஆடிய முதல் இந்திய வாள்வீச்சு வீரர் அவர்தான். முதல் ஆட்டம் 15-3 என்று வென்று, இரண்டாவதில் 7-15 என்று தோற்றார். 2023-இல் சீனாவின் வூஷியில் ஆசிய வாள்வீச்சு சாம்பியன்ஷிப் காலிறுதியில் உலகச் சாம்பியன் மிசாகி எமுராவை 15-10 என்று வீழ்த்தி வெண்கலம் எடுத்தார். அந்தச் சாம்பியன்ஷிப்பில் இந்தியாவின் முதல் பதக்கம் அது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு அவராலும் தகுதி பெற முடியவில்லை. வேறு எந்த இந்தியரும் பெறவில்லை.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், தகுதிச் சுற்றில் தவறுவது இந்த விளையாட்டில் எல்லோருக்கும் நடப்பது. மாவட்டத்தில் தோற்ற மறுவாரமே சில வீடுகளில் வாளைப் பரண்மேல் போட்டுவிட்டு டியூஷனில் சேர்த்துவிடுகிறார்கள். பெண் பிள்ளை என்றால் இன்னும் சீக்கிரம். அப்பாமாரே, அம்மாமாரே, உங்கள் பிள்ளைக்கு இன்னும் ஒரு சீசனாவது கொடுங்கள்.