வீட்டிலேயே கல்வி: பெற்றோர் அறிய வேண்டிய சட்ட முறைகள்

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே இருத்திக் கற்பிக்க விரும்பும் பெற்றோர், புத்தகங்களை வாங்குவதற்கு முன்பே சட்டத்தைப் புரட்டிப் பார்ப்பது உத்தமம். ஏனெனில் மத்திய சட்டத்தில் வீட்டுக்கல்விக்கென்று அனுமதி வழங்கும் ஷரத்தும் இல்லை, அதனைப் பெயர் சொல்லித் தடுக்கும் ஷரத்தும் இல்லை.

முதலாவதாக, சட்டத்தின் நிலையை உணர வேண்டும். 2002-ஆம் ஆண்டில் நிறைவேறிய 86-ஆவது அரசியலமைப்புத் திருத்தம், 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கல்வியை அடிப்படை உரிமையாக்கியதோடு, அவர்களுக்குக் கல்வி பெறும் வாய்ப்பை அளிப்பது பெற்றோரின் கடமை என்றும் கூறிற்று. 2010 ஏப்ரல் 1-ஆம் தேதி அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டமோ, தன் 10-ஆவது பிரிவில், குழந்தையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பதே பெற்றோரின் கடமை என்கிறது. அச்சட்டம் தவறும் பெற்றோர்க்குத் தண்டனை எதையும் விதிக்கவில்லை என்பது மெய்யே. ஆயினும் தண்டனை இல்லாமையை அனுமதி என்று அர்த்தம் செய்துகொள்ளலாகாது. மாநிலச் சட்டத்தையும் ஒரு வழக்கறிஞரிடம் விசாரித்துக்கொள்வது விவேகம்.

இரண்டாவதாக, எல்லையை மீறாதிருக்க வேண்டும். தம் மக்களுக்குக் கற்பிப்பது வேறு, அண்டை வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துப் பள்ளியாகவே நடத்துவது வேறு. அங்கீகாரமின்றிப் பள்ளி நடத்துவோர்க்கு 1 லட்சம் ரூபாய் வரையிலும், அது தொடருமாயின் நாளொன்றுக்கு 10,000 ரூபாயும் அபராதம் உண்டு.

மூன்றாவதாக, பத்திரங்களைச் சேகரிக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழ், முன்பு பயின்ற பள்ளியின் டி.சி., அன்றாடம் கற்றவற்றைத் தேதியிட்டு எழுதிய குறிப்பேடு, பிள்ளை தன் கைப்பட எழுதிய பயிற்சிகள் ஆகிய யாவும், யாரேனும் அதிகாரி வினவும் சமயத்தில் அத்தாட்சியாக நிற்கும்.

நான்காவதாக, பரீட்சைக்கு வழி வகுக்க வேண்டும். தமிழ்நாட்டில் 12½ வயது நிரம்பியவர் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். மத்திய அரசின் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் 14 வயதில் பத்தாம் வகுப்புக்கும், அதில் தேறியபின் 15 வயதில் பன்னிரண்டாம் வகுப்புக்கும் பதிவு செய்யலாம்; ஒரு மொழிப்பாடம் உட்பட ஐந்து பாடங்களில் தேர்ச்சி பெற வேண்டும்; பதிவு ஐந்து ஆண்டுகள் செல்லுபடியாவதால், எல்லாப் பாடங்களையும் ஒரே தவணையில் எழுத வேண்டும் என்ற நிர்ப்பந்தமில்லை. பிற்பாடு சேர எண்ணும் கல்லூரியின் விதிகளையும் முன்னரே கேட்டறிதல் அவசியம்.

ஐந்தாவதாக, திரும்பும் வழியை மறவாதிருக்க வேண்டும். பள்ளியே செல்லாத குழந்தையையும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விசேஷப் பயிற்சி அளிக்க வேண்டுமென்று கல்வி உரிமைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு கட்டளையிடுகிறது. வீட்டுக்கல்வி சலித்த பிள்ளைக்கு அது பெரிய அபயம்.

அரசியலமைப்பு கல்வியைக் கேட்கிறது, சட்டம் பள்ளியைக் கேட்கிறது. பள்ளி எங்கே என்று கேட்போரிடம் கல்வி இதோ என்று தயங்காமல் காட்ட வல்ல பெற்றோரே இவ்வழியில் இறங்கத் தக்கவர்.