பாதயாத்திரை எங்கே நிறைவேறுகிறது?



ஆவணி மாதம் பிறந்ததும் நமது பாடியிலும், அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கங்களிலும் காவி உடை தரித்த யாத்திரிகர்களைக் காண்கிறோம். மாதாவின் சிறு தேரை முன்னே தள்ளிக்கொண்டு, செபமாலை சொல்லித் தெற்கு நோக்கி நடக்கிறார்கள். வேளாங்கண்ணி ஆரோக்கியமாதா கோவிலில் ஆகஸ்டு 29-ந் தேதி கொடியேற்றம். செப்டம்பர் 8-ந் தேதி தேவமாதா பிறந்த திருநாள். கோயம்பேடு, வடபழனி, கிண்டி கடந்து, புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், சீர்காழி, காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம் என 300 கிலோமீட்டருக்கு அதிகமான வழியை அவர்கள் கால்நடையாகவே கடக்கிறார்கள்.

இப்படிப்பட்ட யாத்திரை எப்போது நிறைவேறுகிறது? கோபுரம் கண்ணில் பட்டபோதா? கடலில் குளித்து, மொட்டையடித்து, மெழுகுதிரி கொளுத்தியபோதா? மணற்பாதையில் முழங்காலால் நடந்து மாதா குளத்தை அடைந்தபோதா?

இவையெல்லாம் நல்ல பக்தி முயற்சிகளே. ஆயினும் யாத்திரை முடிந்து வரும் சிலர் மனக்குறையோடு கேட்பதுண்டு: "சுவாமி, வழியில் இருந்த உருக்கம் கோவிலுக்குள் போனதும் இல்லை. கூட்டமும் கால்வலியும்தான் தெரிந்தன. நான் நடந்தது வீணா?" வேறு சிலர், "பிள்ளையின் சுகத்துக்காக நேர்ந்துகொண்டு நடந்தேன், சுகம் கிடைக்கவில்லையே" என்று கண்ணீர் விடுவார்கள். இவர்களுக்கு மறுமொழி சொல்லவே இந்தப் பாடம்.

1. யாத்திரை என்பது சண்டையிலிருந்து சமாதானத்துக்குப் போகும் வழி.

பழைய ஏற்பாட்டில் ஜெருசலேம் தேவாலயத்துக்கு ஏறிப் போகிறவர்களின் சங்கீதங்கள் என்று பதினைந்து உண்டு. இன்றைய கணக்கில் அவை 120 முதல் 134 வரை உள்ளவை. முதல் சங்கீதத்தைச் சொல்லுகிறவன் பொய் பேசுகிறவர்கள் நடுவிலும் சமாதானத்தைப் பகைக்கிறவர்கள் நடுவிலும் இருந்துகொண்டு ஆண்டவரைக் கூப்பிடுகிறான். 133-ம் சங்கீதமோ சகோதரர்கள் ஒன்றாய் வாழ்வதன் இனிமையைப் புகழ்கிறது. கடைசிச் சங்கீதம் ஆண்டவருடைய வீட்டில் இரவில் நின்று அவரைத் துதிப்பதில் முடிகிறது. ஆகவே கால் மட்டும் நடந்தால் போதாது. பகையிலிருந்து சமாதானத்துக்கு மனமும் நடக்க வேண்டும்.

காணிக்கையோடு பீடத்தின் முன் நிற்கும்போது, சகோதரனுக்கு நம்மேல் மனத்தாங்கல் உண்டென்று நினைவுக்கு வந்தால் செய்ய வேண்டியதைச் சேசுநாதர் சொல்லியிருக்கிறார். காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு, முதலில் அவனோடு சமாதானமாகி வரவேண்டும். ஒரே வீட்டில் சுவரெடுத்துத் தம்பியோடு பேசாமலிருப்பவன் பத்து நாள் நடந்து மாதாவின் முன் நின்றாலும், அவன் நடக்க வேண்டிய வழி இன்னும் பாக்கி இருக்கிறது. அது அடுத்த வாசற்படி வரைக்கும் உள்ள வழி.

2. மாதா நம்மைத் தம்மோடு நிறுத்திக்கொள்வதில்லை. தம் குமாரனிடம் அனுப்புகிறாள்.

கானா ஊர்க் கலியாணத்தில் பணிவிடைக்காரரை அவள் அவரிடமே அனுப்பினாள். வேளாங்கண்ணிக்குப் போகிறவர்களையும் அவள் அங்கேதான் அனுப்புகிறாள். திருத்தலங்களில் தேவவார்த்தையைப் போதிப்பதாலும், பச்சாத்தாபத் தேவதிரவிய அனுமானத்தாலும், திவ்விய நற்கருணையாலும் இரட்சணிய வழிகள் விசுவாசிகளுக்குத் தாராளமாய்க் கிடைக்க வேண்டும் என்று 1983-ம் வருடத்துத் திருச்சபைச் சட்டம் கட்டளையிடுகிறது.

பத்து நாள் நடந்தவன் பாவசங்கீர்த்தனம் செய்யாமலும், பூசை காணாமலும், நன்மை வாங்காமலும் அடுத்த பஸ்ஸுக்கு ஓடினால், விருந்துக்கு நடந்து போய் வாசலோடு திரும்பியவனுக்கு ஒப்பாவான். நடக்கும் நாட்களிலேயே ஆத்துமசோதனை செய்யுங்கள். மெய்யான மனஸ்தாபப்படுங்கள். சுவாமியார் கொடுக்கும் அபராதத்தைத் தாமதமின்றித் தீர்த்துவிடுங்கள்.

வேளாங்கண்ணிக் கோவிலை 1962-ம் வருடம் பாப்பரசர் 23-ம் அருளப்பர் பசிலிக்காவாக உயர்த்தினார். பசிலிக்காவைப் பக்தியாய்ச் சந்தித்து, பரலோக மந்திரமும் விசுவாசப் பிரமாணமும் சொல்லுகிறவர்கள், வருடத்தில் தாங்கள் தெரிந்துகொள்ளும் ஒரு நாளில் பரிபூரண பலன் அடையலாம். அதற்குப் பாவசங்கீர்த்தனம் செய்து, நன்மை வாங்கி, பாப்பரசரின் கருத்துக்காக வேண்டிக்கொள்வதோடு, அற்பப் பாவத்தின்மேலும் பற்றில்லாதிருக்க வேண்டும்.

3. உருக்கம் வேறு, தேவ இஷ்டப்பிரசாதம் வேறு.

மனதில் உருக்கம் தோன்றினால் அது ஆண்டவர் தரும் இனிப்பு. தோன்றாவிட்டால் உணவே இல்லை என்று எண்ணக்கூடாது. காய்ந்த மனதோடு முழங்காலிட்டு நல்ல பாவசங்கீர்த்தனம் செய்தவனுக்கும் மன்னிப்பு முழுவதும் கிடைக்கிறது.

கேட்ட வரம் கிடைக்காதவர்களுக்கு என்ன சொல்லுவோம்? மோர் விற்ற முடவனான பையன் மாதாவின் தயவால் எழுந்து நடந்தான் என்பது வேளாங்கண்ணியின் பழைய பாரம்பரியம். இன்றும் அநேகர் சுகமடைந்து நன்றி சொல்லுகிறார்கள். ஆனாலும் எல்லோரும் அப்படிச் சுகமடைவதில்லை. ஜெத்சமனித் தோட்டத்தில் சேசுநாதரே கசப்பான பாத்திரம் தம்மைவிட்டு நீங்கும்படி வேண்டினார். பாத்திரம் நீங்கவில்லை; அவரைத் திடப்படுத்த ஒரு சம்மனசு வந்தது என்று அர்ச். லூக்காஸ் எழுதியிருக்கிறார். வியாதிக்காரப் பிள்ளையை மறுபடியும் தோளில் சுமந்துகொண்டு வீடு திரும்பும் தாயே, உன் செபம் விழுந்துபோகவில்லை. நாளைக்கும் அந்தப் பிள்ளையைச் சுமக்க உனக்குப் பலம் வந்தால், உன் சம்மனசு வந்துவிட்டார் என்று நம்பு. சிலுவையடியில் நின்ற மாதாவும் உன்னோடு நிற்கிறாள்.

4. யாத்திரை வீட்டில் நிறைவேறுகிறது.

போகும்போது பத்து நாள். திரும்பும்போது பஸ்ஸிலோ ரயிலிலோ ஓர் இரவு. பத்து நாள் சம்பாதித்ததை அந்த ஓர் இரவிலேயே தொலைத்துவிடுகிறவர்களும் உண்டு. மாலையைக் கழற்றிய அன்றே சாராயக் கடையைத் தேடுகிறவனுக்கு யாத்திரையால் வந்த இலாபம் என்ன?

கிழக்கிலிருந்து வந்த ஞானிகள் குழந்தையையும் தாயையும் கண்டு வணங்கியபின், வேறு வழியாய்த் தங்கள் நாடு சேர்ந்தார்கள். சேசுநாதர் பன்னிரண்டு வயதில் ஜெருசலேமுக்கு நடந்து போனார். அந்த யாத்திரையின் முடிவாக அர்ச். லூக்காஸ் சொல்லுவது, அவர் நசரேத்துக்குத் திரும்பிப் பெற்றோருக்குக் கீழ்ப்படிந்திருந்தார் என்பதே. பெத்லேகேமிலேயே குடியிருந்த அர்ச். எரோணிமுஸ் கூட, திருத்தலத்தைக் கண்டதை அல்ல, நல்லொழுக்கத்தையே பாராட்ட வேண்டும் என்று ஒரு சிநேகிதருக்கு எழுதினார்.

300 கிலோமீட்டர் நடந்தவருக்கு ஞாயிறு பூசைக்குப் பங்குக் கோவில் வரை நடப்பது பாரமா? வழியில் முன்பின் அறியாதவனோடு சோற்றைப் பகிர்ந்தவர், வீட்டிலே மனைவியிடம் கடுஞ்சொல் பேசலாமா? அந்நியர் கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடித்தவர், தம் வாசலில் தாகமாய் நிற்பவனைத் துரத்தலாமா?

யாத்திரை போக முடியாதவர்களும் மனம் தளர வேண்டாம். கொடியேறும் நாளில் பெசன்ட் நகர் மாதா கோவில் வரைக்கும் நடக்கிறவர்களும், வியாதிக்காரருக்குப் பணிவிடை செய்து வீட்டிலேயே இருக்கிறவர்களும், அதே அன்போடு செய்தால், மாதாவின் முன் குறைந்தவர்கள் அல்ல.

இந்த வாரம் குடும்ப செபத்தில் ஆலோசிக்க:

நம் வீட்டில் யார் யாரோடு பேசாமலிருக்கிறோம்? முதலில் பேச வேண்டியவர் யார்?

திருப்பிக் கொடுக்க வேண்டிய கடனோ, கூலியோ, பறித்துக்கொண்ட பொருளோ உண்டா?

கடைசியாய் நல்ல பாவசங்கீர்த்தனம் செய்தது எப்போது?

பிரதிக்கினை: யாத்திரை போகிறவர்கள் புறப்படுமுன் ஒரு பகையைத் தீர்ப்பார்களாக. திரும்பி வந்தவர்கள் காவி உடையை மடித்து வைக்கும்போது, பழைய துர்ப்பழக்கம் ஒன்றையும் அதோடு விட்டுவிடுவார்களாக. ஆரோக்கியமாதா உங்கள் குடும்பங்களைத் தன் திருக்குமாரனிடம் நடத்துவாளாக.